எங்கள் வீட்டு எக்சல்



சமையற் குறிப்பும் பிள்ளை வளர்ப்பும் படிக்கின்ற பக்கத்தில் வாகனத்தின் எக்சலைப் பற்றி எழுத ஒரு பெண் வந்திருக்கிறாளே என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு வாகனத்தை நம்பிச் சீவிக்கின்ற வீட்டில் அது படுத்துக்கொண்டால் முதலில் காலியாவது அரிசி டின். அதற்கு அடுத்துக் காலியாவது நமது கையும் கழுத்தும். அந்தக் கணக்கு நம்மைவிட யாருக்குத் தெரியும்?

நாங்கள் கல்முனைக் கரையோரத்தைச் சேர்ந்தவர்கள். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் இருந்த தொழில் மீன் ஏற்றுவது. பல வருடம் வாடகை வண்டியில் ஓடி, பிறகு கடனும் என் நகையுமாகச் சேர்த்து ஒரு பழைய ஜப்பான் டபள் கேப் வாங்கினோம். நான்கு சக்கரமும் இழுக்கக்கூடியது. கரைவலை இழுக்கும் இடத்துக்கே மணலில் இறங்கி, கீரியும் நெத்தலியும் பாரைக்குட்டியும் ஐஸ் பெட்டியில் போட்டு, அம்பாறைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பார். கடல் கொந்தளிக்கின்ற மார்கழி, தை மாதங்களில் சம்மாந்துறை வட்டைகளுக்கு ஆளும் உரமும் ஏற்றுவார். ஆக, ஆறு மாதம் மணல், ஆறு மாதம் சேறு. அந்த வண்டியின் முன் எக்சலுக்கு இதைவிடக் கெட்ட விதி எழுதியிருக்க முடியாது.

2022ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு நாள். கடற்கரையிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகின்ற மணல் முனையில் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் குசினியில் இருந்தேன். வண்டி நேரே வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. அவர் இறங்கியதும் கேட்டேன்.

"அது ஒண்டுமில்ல, கல்லு தட்டுது" என்றார்.

கல் தட்டினால் திரும்பும்போது மட்டும் ஏன் தட்டவேண்டும்? அடுத்த நாளும் அதே முனையில் அதே சத்தம். மூன்றாம் நாள் நான் குனிந்து பார்த்தேன். இடது முன் சக்கரத்தின் பின்னால், துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கின்ற கறுப்பு றப்பர் உறை வாய் பிளந்திருந்தது. சில்லின் உட்புறம் முழுதும் கிறீஸ் தெறித்து, அதன்மேல் மணல் ஒட்டியிருந்தது, கருவாட்டில் உப்பு ஒட்டியிருப்பது போல.

அந்த றப்பரைத்தான் 'பூட்' என்கிறார்கள். அதற்குள் இருப்பது சீ.வி. ஜொயின்ட். இது என்ன சாமான் என்று பிறகுதான் நான் படித்துக்கொண்டேன்.

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகின்ற இரும்புத் தண்டுதான் எக்சல். பின் சக்கரம் திரும்பாது, அங்கே நேரான தண்டு போதும். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்ப வேண்டும், மேலும் கீழும் குதிக்க வேண்டும், அதே நேரம் சுழலவும் வேண்டும். லொறியின் அடியில் நீளமாக ஓடுகின்ற தண்டில் சிலுவை வடிவில் ஒரு மூட்டு இருக்குமே, அதை முன் சக்கரத்துக்குப் போட்டால், வளைத்துத் திருப்பும்போது ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இரண்டு தடவை கூடிக் குறையும். ஸ்டியரிங் கையில் உதறும். இதற்கு மருந்தாக அமெரிக்காவில் போர்ட் நிறுவனத்தில் இருந்த அல்பிரட் ஷெப்பா என்ற பொறியியலாளர் 1920களில் ஒரு மூட்டைக் கண்டுபிடித்தார். ஒரு கப், அதனுள்ளே ஆறு குழி. நடுவில் நட்சத்திரம் போன்ற ஒரு துண்டு, அதிலும் ஆறு குழி. இரண்டுக்கும் இடையில் ஆறு உருக்கு உருண்டைகள். உருண்டைகள் சிதறாமல் பிடிக்க ஆறு ஜன்னல் வைத்த ஒரு கூடு. மூட்டு எவ்வளவு வளைந்தாலும் அந்த ஆறு உருண்டையும் வளைவின் சரிபாதியில் நிற்கும்படி கூடு பார்த்துக்கொள்கிறது. அதனால் இந்தப் பக்கம் என்ன வேகமோ அந்தப் பக்கமும் அதே வேகம். நமது ஊர்களில் முன்னர் ஓடிய மொரிஸ் மினி நினைவிருக்கிறதா? 1959இல் வெளிவந்த அந்தச் சின்னக் கார்தான் இந்த மூட்டைச் சாதாரண குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

இவ்வளவு நுட்பமான சாமானைக் காப்பாற்றுவது ஒரு றப்பர்த் துண்டும் கொஞ்சம் கிறீஸும்தான். றப்பர் கிழிந்தால் கிறீஸ் வெளியே போகும், மணல் உள்ளே போகும். கிறீஸோடு கலந்த மணல் அம்மியில் அரைக்கின்ற வேலையைச் செய்யும்.

அந்த நாட்களின் நிலைமையை நான் சொல்லத் தேவையில்லை. 2020 பங்குனியிலேயே வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இருக்கின்ற பழைய வண்டியைத்தான் எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். 2022 பங்குனியில் ரூபா விழத் தொடங்கியது. இருநூறு ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் வைகாசிக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. காலையில் கேட்ட விலை பின்னேரம் கிடையாது. அந்த மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. டீசலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை. ஒரு பக்கத்துக்குரிய புதிய ஜப்பான் எக்சலின் விலையைக் கேட்டுவிட்டு அவர் போனை வைத்த விதத்திலேயே எனக்கு விளங்கியது.

எங்களூர் கராஜில் பார்த்தவர், "இது சரிவராது, ரீகண்டிஷன் ஒண்டு எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். பழைய வாகன உதிரிப்பாகம் என்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தை என்பது நாடறிந்த பெயர். வேறு ஊர்களிலும் கடைகள் உண்டு. அவர் எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கினார் என்று நான் எழுதப்போவதில்லை. என் காப்பு ஒன்று வங்கியில் அடகுக்குப் போனது. இரவு பஸ்ஸில் போய், மறுநாள் இரவு பஸ்ஸில் எக்சலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பளபளவென்று கறுப்புப் பெயின்ட். புது பூட். புதுக் கிளிப். கடைக்காரர் "முழுக்கக் கழற்றிச் செய்தது" என்று சொன்னாராம். ஆனால் கிளிப்பைக் கழற்றினால் பொறுப்பில்லை என்றும் சொன்னாராம். அந்த இரண்டாவது பேச்சில்தான் விஷயம் இருந்தது. நமக்கு அப்போது விளங்கவில்லை.

போட்டார்கள். சத்தம் நின்றது. நானும் மனம் நிறைந்து துஆச் செய்தேன்.

நோன்பு பாதி போயிருக்கும். நல்ல மீன் பட்ட ஒரு காலை. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மணலில் திரும்பியபோது 'படார்' என்று ஒரு சத்தம். அந்த மூட்டுக்குள் கூடு உடைந்துபோய்விட்டது. முன் பக்கம் ஒரு எக்சல் போனால் மற்ற முன் சக்கரத்துக்கும் இழுவை வராது. பின் சக்கரம் இரண்டும் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கின. டிராக்டர் பிடித்து இழுக்க வேண்டும், டிராக்டருக்கு டீசல் வேண்டும், டீசலுக்கு ஆள் வேண்டும். வண்டி ஒழுங்கைக்கு வரும்போது அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஐஸ் தண்ணீராகிவிட்டது. விற்க முடிந்ததை விற்று, மிச்சத்தை நானும் உம்மாவும் நோன்பு திறந்த கையோடு உட்கார்ந்து வெட்டி உப்புப் போட்டோம். மீன்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு தலைமேல் நின்றது. பெருநாளைக்குப் பதின்மூன்று நாள். பிள்ளைகள் உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிரவு சவூதியில் கராஜ் வேலை செய்கின்ற என் தம்பிக்குப் போன் எடுத்தேன். பெருநாள் லீவுக்கு வருவதற்கு டிக்கட் எடுத்திருந்தான். அவன் கேட்ட முதற் கேள்வி, "எங்கட பழைய எக்சல் எங்க ராத்தா?" என்பது.

பழையதைக் கொடுத்தால் விலை குறைத்துத் தருவோம் என்று கடையில் சொன்னார்களாம். ஆனால் உம்மா அதைக் கொடுக்க விடவில்லை. இரும்புக்காரன் வந்தால் நிறுத்துக் கொடுக்கலாம் என்று கோழிக்கூட்டின் கீழ் போட்டு வைத்திருந்தார். உம்மாவின் அந்தச் சிக்கனம் எங்களைக் காப்பாற்றியது.

தம்பி வந்தான். சொக்லேட்டும் பால்மாவும் எதிர்பார்த்துப் பெட்டியைத் திறந்த பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்தது நான்கு றப்பர் பூட்டும் இரண்டு டின் கறுப்புக் கிறீஸும். தறாவீஹ் முடிந்து வந்து, கரண்ட் இல்லாத முற்றத்தில் சார்ஜ் லைட்டை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். அவர் மறுபக்கம் பிடித்தார். எனக்கு வேலை, அரிசி களைகின்ற பழைய பேசினில் மண்ணெண்ணெயை ஊற்றிச் சாமான் கழுவுவது. அந்த ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு நான் எத்தனை மணி நேரம் நின்றேன் என்பது தனிக்கதை.

முதலில் கொழும்பிலிருந்து வந்ததைத் திறந்தான். புது பூட்டை வெட்டியதும் ஒரு வாசனை வந்தது, தீய்ந்த வாசனை. மேலே ஒரு விரல் தடிப்புக்கு மஞ்சள் கிறீஸ். அதன் கீழே பழைய கிறீஸ் காய்ந்து மண்ணாகியிருந்தது. கழுவிப் பார்த்தால் கப்பின் குழிகளில் கோழி கொத்தியதுபோலப் பள்ளம் பள்ளமாக இருந்தது. கூடு இரண்டு துண்டு. ஒன்றையும் கழற்றவில்லை, கழுவவில்லை. வெளியே பெயின்ட் அடித்து, பூட்டை மாற்றி விற்றிருக்கிறார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பிறகு எங்கள் பழையதைக் கழற்றினான். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், உங்கள் வீட்டிலும் ஒரு நாள் தேவைப்படலாம். கிளிப்பை வெட்டிப் பூட்டைப் பின்னால் தள்ள வேண்டும். தண்டை வைஸில் இறுக்கி, நடுத் துண்டைப் பித்தளைக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கின்ற சேர்க்கிளிப் விட்டுக்கொடுத்துக் கப் கழன்று வரும். இரும்புச் சுத்தியலால் நேரே அடிக்கக்கூடாது. (எக்சல் நுனியின் மறையில் அவர் முன்பு சுத்தியலால் அடித்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தம்பி, "மச்சான், இது ஆணி இல்ல" என்றான்.) எந்தக் குழிக்கு எது நேர் என்று கழற்றுமுன் பெயின்டால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு கூட்டைச் சரித்துச் சரித்து உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு மூட்டின் உருண்டையையோ கூட்டையோ இன்னொரு மூட்டில் கலக்கக்கூடாது. அவை ஒன்றோடு ஒன்று அளவு பார்த்துச் சேர்க்கப்பட்டவை.

கழுவிய உருண்டைகளை என் கையில் தந்து, "கண்ணால பாக்காதீங்க ராத்தா, விரலால பாருங்க" என்றான். அரிசியில் கல் பொறுக்கிய விரல்தானே. ஆறையும் உருட்டிப் பார்த்தேன். ஐந்து பளிங்கு. ஒன்றில் மட்டும் நிறம் சற்று மங்கியிருந்தது, ஆனால் சொரசொரப்பு இல்லை. கூட்டின் ஜன்னல்களில் உருண்டைகள் தளராமல் இறுக்கமாக நின்றன. குழியில் நகத்தை ஓடவிட்டேன். ஒரு பக்கச் சுவரில் மட்டும் நகம் லேசாகத் தடக்கியது. மறு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

"அப்ப தப்பிச்சம்" என்றான் தம்பி.

அவன் சொன்ன காரணம் இது. வண்டி பெரும்பாலும் முன்னால்தானே ஓடுகிறது. ஆகவே ஒவ்வொரு குழியிலும் ஒரு பக்கச் சுவர்தான் பாரம் வாங்கித் தேய்கிறது. மற்றச் சுவர் புதிதாகவே கிடக்கிறது. இடது பக்க மூட்டை வலது பக்கத் தண்டிலும், வலதை இடதிலும் மாற்றிப் போட்டால் இதுவரை சும்மா இருந்த சுவர் பாரத்தை வாங்கும். எங்கள் வண்டியில் தண்டின் நீளம் இரு பக்கமும் வித்தியாசம், ஆனால் மூட்டு ஒன்றுதான். தேய்ந்த குழியை ஒட்டடித்து உரசினால் என்ன என்று நான் கேட்டேன். அந்த இரும்புக்கு மேல்தோல்தான் கடினமாம். அதைக் கடந்து உரசினால் உள்ளே மெது இரும்பு, சில நாளில் குழிந்துவிடுமாம். வெளிநாட்டில் அளவாக அரைத்துப் பெரிய உருண்டை போட்டு மறுசீரமைக்கின்ற தொழிற்சாலைகள் இருக்கின்றன. நமது முற்றத்தில் அது நடக்காது. நம்மால் முடிந்தது கழுவுவது, பார்ப்பது, நல்லதை நல்லதென்றும் கெட்டதைக் கெட்டதென்றும் ஒத்துக்கொள்வது, புதுக் கிறீஸும் புது பூட்டும் போடுவது.

கிறீஸும் எல்லாக் கிறீஸும் அல்ல. மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிறீஸ்தான் இதற்கு. உருண்டைக்கும் குழிக்கும் இடையில் நசுங்குகின்ற பாரத்தை அதுதான் தாங்கும். அதைக் குழிகளுக்குள் விரலால் அமுக்கி அமுக்கி நிரப்பினேன். கடைசிக் கிளிப்பை இறுக்குமுன் பூட்டின் வாயில் ஒரு சின்னத் திருப்புளியை நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் றப்பர் ஊதி மடிப்பில் வெடிக்கும். அந்த வேலையை நான்தான் செய்தேன். ஸஹர் செய்கின்ற நேரம் வந்துவிட்டது. என் நகத்திலிருந்த கறுப்பு பெருநாளன்றும் போகவில்லை. மருதோன்றிக்கு மேல் அது தெரிந்தது.

அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வருடம் அந்த வண்டி ஓடியது. சும்மா ஓடவில்லை. மணலில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வைத்துக்கொண்டு எக்ஸிலேட்டரை அழுத்தக்கூடாது என்று தம்பி சொல்லிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை வண்டி கழுவும்போது நான் குனிந்து நான்கு பூட்டையும் கையால் தடவிப் பார்ப்பேன். ஒரு வெடிப்பு, ஒரு ஈரம் தெரிந்தால் அன்றே மாற்றினோம். றப்பர் விலை எங்கே, எக்சல் விலை எங்கே!

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

2025 மாசியில் வாகன இறக்குமதியை மீண்டும் திறந்துவிட்டார்கள். புது வண்டிகள் வந்தால் பழையதன் விலை இறங்கும் என்று எல்லோரும் பேசினார்கள். எங்கள் மூத்த மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். நமது பகுதியில் மகளுக்கு வீடு என்றால் அது எவ்வளவு பெரிய பாரம் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? சுவர் எழும்பி, கூரை போடக் காசில்லாமல் நின்றது. அவருக்கும் முழங்கால் வலி. விற்றுவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

இறக்காமப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வயல்காரர். வண்டியை ஓட்டிப் பார்த்தார், சத்தம் ஒன்றுமில்லை. விலை பேசினார்கள். அவர் கேட்ட விலை கூரைக்கும் போதும், காப்பை மீட்கவும் போதும். நான் திரைக்குப் பின்னால் நின்று தேத்தண்ணீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இன்ஜினைப் பற்றிச் சொன்னார், கியரைப் பற்றிச் சொன்னார். எக்சலைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டேன்.

"மூட்ட மாத்திப் போட்டிருக்கிறத சொன்னீங்களா?"

"அவர் கேக்கல்லியே. ஓடிப் பாத்திட்டார்தானே."

"நீங்களும் ஓடிப் பாத்துத்தான் வாங்கினீங்க."

அவர் பதில் சொல்லவில்லை. கோபம் வந்தது தெரிந்தது. நியாயமும் இருந்தது. கெட்ட சாமானா அது? ஏறக்குறைய மூன்று வருடம் உழைத்த சாமான். ஆனால் அந்த மூட்டுகளில் இனி மாற்றுவதற்குப் பக்கம் இல்லை, இரண்டு சுவரும் பாரம் வாங்கியாயிற்று. சேற்று வயலில் அது இன்னும் எத்தனை போகம் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியாது, அந்தத் தம்பிக்குத் தெரியாது என்பதே தெரியாது. திண்ணையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த உம்மா இதைக் கேட்டுவிட்டு, "ஈரத் தானியத்தக் குவியலுக்குள்ள மறைச்சவன்ட கதைய இந்த வீட்டுல எத்தின பேருக்குச் சொல்லிக் குடுத்திரிப்பன்" என்று மட்டும் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் வெளியே போய்ச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு கோழிக்கூட்டின் பக்கம் போனார். கொழும்பிலிருந்து வந்த அந்த உடைந்த எக்சல் அங்கேதான் கிடந்தது, உம்மா அதையும் விடவில்லை. அதைத் தூக்கி வந்து அந்தத் தம்பியின் முன்னால் போட்டு, கோழி கொத்திய குழிகளைக் காட்டி, எங்களுக்கு நடந்ததையும் நாங்கள் மாற்றிப் போட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னார். தண்டை முழுதாக வளைத்துச் சுற்றும்போது கையில் தடக்குகிறதா, முன்னும் பின்னும் திருகினால் இளக்கம் இருக்கிறதா, பூட்டின் சின்ன வாயைத் திறந்து கிறீஸை விரலில் தேய்த்தால் மணல் நெருடுகிறதா. விற்பவர் திறக்க விடமாட்டேன் என்றால் வாங்காமல் எழும்பிவிட வேண்டும்.

அந்தத் தம்பி கெட்டிக்காரர். எல்லாவற்றையும் கேட்டார், நன்றி சொன்னார், விலையையும் குறைத்தார். இரண்டு புது எக்சலின் விலையைக் கழித்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை. மகளின் வீட்டுக்கு முன்பக்கம் ஓடும் பின்பக்கம் தகரமும் போட்டோம். மழைக்குத் தகரம் சத்தம் போடுகிறது என்று மகள் சொல்கிறாள். காப்பு வட்டி கட்டித் திருப்பிக் கட்டி இன்னும் வங்கியில் இருக்கிறது.

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு அந்தத் தம்பி போன் எடுத்தார். எக்சல் இன்னும் மாற்றவில்லையாம், சத்தமும் இல்லையாம். வலது பக்க பூட்டில் ஒரு வெடிப்பைக் கண்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை கழுவும்போது.

"ராத்தா, கிறீஸ் கறுப்பா மஞ்சளா எண்டு மறந்து போச்சு" என்றார்.

கறுப்பு என்றேன். காற்றை எடுத்துவிட்டுக் கிளிப்பை இறுக்கச் சொன்னேன்.